நாலாவது ஆள்

போன மாதம் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து நான் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மேடைக்குப் பக்கத்தில் என் அக்கா, இரண்டு தங்கைகள், என் மனைவி ஆகிய நாலு பேரையும் நிற்க வைத்து ஒரு தம்பி படம் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்தார், திருப்தி வரவில்லை. கடைசியில் என் மனைவியைப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்க மட்டும் ஒரு நிமிஷம் தள்ளி நின்னுக்குங்க. மூணு பேர் இருந்தா ஃபிரேம் நல்லா வரும்" என்றார்.

என் மனைவி சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். அதற்குள் அக்கா, "ஐயையோ, மூணு பேரா எடுக்காதேப்பா!" என்று சத்தம் போட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துப் பழையபடி பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டாள். அந்தத் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்தபடியே எடுத்துக்கொடுத்துவிட்டுப் போனார்.

பார்த்தவர்களுக்கு அது ஒரு சாதாரண விஷயம். எனக்கு மட்டும் கையில் இருந்த காபி ஆறிப்போனது கூடத் தெரியவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே மூன்று பேரை நானும் இப்படித்தான் படம் எடுத்தேன். அன்றைக்கும் நாலாவதாக ஒருத்தி இருந்தாள். அந்தக் கதையை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அந்தத் தம்பி சொன்னதிலும் தப்பில்லை, அக்கா சொன்னதிலும் தப்பில்லை. இரண்டும் அவரவர் கற்ற பாடம். படம் எடுப்பவர்களிடையே ஒற்றைப்படை விதி என்று ஒன்று உண்டு. ஒரு படத்தில் ஒன்று, மூன்று, ஐந்து என்று இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும். இரண்டு, நாலு என்று இருந்தால் படம் இரண்டாகப் பிளந்து நிற்கும் என்பது அந்த விதி. நம் வீடுகளில் இருக்கும் விதி வேறு. மொய் எழுதினால் நூற்றொன்று, ஐநூற்றொன்று என்று ஒற்றையில் முடிய வேண்டும். ஆனால் மூன்று பேராகப் படம் எடுத்துக்கொள்ளக் கூடாது, மூவரில் ஒருவருக்கு ஆகாது. மொய்க்கு ஒற்றை, படத்துக்கு இரட்டை! ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள், அடிக்க வருவார்கள்.

இந்த ஒற்றை இரட்டை விஷயத்தில் எங்கள் வகுப்பில் ஒரு வேடிக்கை உண்டு. நான் புதுச்சேரியில் ஃபிரெஞ்சு வழியில் படித்தவன். ஃபிரெஞ்சில் இரட்டைப்படை எண்ணுக்கு 'பேர்' என்றும், ஒற்றைப்படை எண்ணுக்கு 'எம்பேர்' என்றும் சொல்வார்கள். வாத்தியார், "ஏழு?" என்று கேட்பார். வகுப்பு முழுக்க "எம்பேர்!" என்று கத்துவோம். "ஏண்டா, உம்பேர் ஏழாடா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் தமிழில் கேட்பான். தினமும் இதே சிரிப்பு. அந்த 'எம்பேர்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்று பிறகுதான் படித்தோம். சபையில் இங்கிதம் தெரியாமல் ஒருவர் செய்துவிடும் பிசகுக்கும் ஃபிரெஞ்சில் 'எம்பேர்' என்றுதான் பெயர். அந்த இரண்டாவது பொருளை நான் சொந்த அனுபவத்தில் படித்தது 1975இல். அதற்குப் பிறகு வருகிறேன்.

1971இல் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. சில மாதச் சம்பளத்தில் சேர்த்து வைத்து, அக்ஃபா கிளிக் த்ரீ காமிரா ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அந்தக் காலத்தவர்களுக்கு நினைவிருக்கும். 120 ஃபிலிம், சதுரமான படம், சுருளுக்கு பன்னிரண்டு. பன்னிரண்டுக்கு மேல் பதின்மூன்றாவது கிடையாது. இன்றைக்கு என் பேத்தி ஒரு தோசையைப் பன்னிரண்டு படம் எடுக்கிறாள். அன்றைக்கு ஒரு சுருளை மூன்று மாதம் வைத்துக்கொண்டிருப்போம்.

1972 பொங்கல். தை கடைசியில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. பிறந்த வீட்டில் அவளுக்கு அதுதான் கடைசிப் பொங்கல் என்பதால், சுருளில் பாக்கி இருந்த ஒரே படத்தை அவளும் தங்கைகளும் சேர்ந்து நிற்க எடுப்பதாக ஏற்பாடு. மூவரும் புதுப் பாவாடை, தாவணி, புடவை என்று வாசல் திண்ணைக்கு முன்னால் வந்து நின்றார்கள். நான் காமிராவைக் கண்ணருகே பிடித்து, வெயிலுக்கு ஏற்ப வளையத்தைத் திருப்பி வைத்தேன்.

உள்ளே இருந்து பாட்டியின் குரல் வந்தது: "டேய், மூணு பேரா நிக்க வச்சு எடுக்காதேடா! கல்யாணத்தை வச்சுக்கிட்டு!"

அம்மா அடுப்படியில் பொங்கல் பானைக்கு முன்னால் இருந்தாள், எழுந்து வர முடியாது. அப்பா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். வீட்டில் கை ஓய்ந்திருந்தது அத்தை ஒருத்திதான். "நீ போய் நில்லுடி" என்றாள் பாட்டி.

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. பதினாறு வயதில் கல்யாணம், பதினெட்டில் எல்லாம் முடிந்து தாய் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். எங்கள் நாலு பேரையும் குளிப்பாட்டி, சோறூட்டி, எண்ணெய் தேய்த்து வளர்த்தது அவள்தான். பள்ளிக்கூட வாசலுக்கு எனக்குத் தூக்கில் சாப்பாடு கொண்டுவந்தது அவள்தான். முதல் சம்பளத்தில் ஒரு நூல் புடவை வாங்கிக் கொடுத்தபோது, என்னிடம் கற்றுக்கொண்ட ஒரே ஃபிரெஞ்சு வார்த்தையில் "மெர்சி" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் நாள் கிழமை என்றால் அவள் முன்னால் வர மாட்டாள். வரக் கூடாது என்று யாரும் வாய் திறந்து சொன்னதும் கிடையாது. அந்தக் காலத்தில் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"பண்டிகையும் அதுவுமா நான் எதுக்கும்மா?" என்று அவள் தயங்கினாள். பாட்டிக்கும் ஒரு நொடி தயக்கம்தான். ஒரு பக்கம் மூன்று பேர் படம் எடுத்தால் ஆகாது, மறு பக்கம் விதவை கல்யாணப் பெண்ணின் பக்கத்தில் நின்றால் ஆகாது. இரண்டு பயத்தில் மூன்று பேர் பயம்தான் அன்றைக்கு ஜெயித்தது. "சும்மா ஓரமா நில்லு" என்றாள்.

அத்தை வந்து, மூன்று பேரையும் விட்டு ஒரு முழம் தள்ளி நின்றாள். பக்கத்தில் நின்ற கடைசித் தங்கைக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் கையை நீட்டி அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் விசையைத் தட்டினேன். சுருள் முடிந்தது.

படம் கழுவி வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சதுர அச்சு. அக்காவின் கல்யாணச் சந்தடியில் அந்தச் சின்ன அச்சு எங்கேயோ போய்விட்டது. நெகட்டிவ் மட்டும் தாள் உறையில் இருந்தது.

1974இல் பாட்டி காலமானாள். அடுத்த வருஷம் எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்தில் ஒரு புகைப்படப் போட்டி வைத்தார்கள். நான் அந்த நெகட்டிவை எடுத்துக்கொண்டு வழக்கமாகப் போகும் ஸ்டூடியோவுக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் என்மேல் பிரியம் உள்ளவர். ஃபிரெஞ்சு பேச ஆள் கிடைத்தது என்று என்னை 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அவர் எனக்குப் பாடம் எடுத்தார்.

காலி ஃபிலிம் டப்பாக்களை மேஜைமேல் வைத்தார். முதலில் இரண்டு. "கண்ணு என்ன பண்ணுது பாரு. இங்க போகுது, அங்க போகுது, நிக்க இடம் இல்லை." பிறகு நாலு. "பார்த்த உடனே ரெண்டு ரெண்டாப் பிரிச்சிடுது." ஒன்றை எடுத்துவிட்டார். "இப்ப மூணு. நடுவுல ஒண்ணுக்கு ராஜா பட்டம். கண்ணு அங்க உட்காருது, மத்த ரெண்டையும் சுத்திப் பார்க்குது."

அதற்குப் பிறகு மாதிரி அச்சு ஒன்றைப் போட்டு, 'ட' எழுத்து மாதிரி வெட்டிய இரண்டு அட்டைகளை அதன்மேல் வைத்து, வலது ஓரத்தை மறைத்தார். அத்தை மறைந்தாள். மூன்று சகோதரிகள், நடுவில் கல்யாணப் பெண். படம் உண்மையாகவே எடுப்பாக இருந்தது. "வுவாலா!" என்றார். "எடுத்துடலாமா?"

"எடுத்துடுங்க" என்றேன். அந்த வார்த்தை என்னுடையது, அவருடையது இல்லை.

பத்துக்கு எட்டு அங்குலத்தில் பெரிதாக்கிய அந்தப் படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது, ஒரு எவர்சில்வர் கூஜா. படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். அத்தை கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "மூணு பேரும் அழகா இருக்குதுங்க" என்றாள். உள்ளே போகப் போனவள் திரும்பி, "ஆனா மூணா வச்சுட்டியேப்பா. அம்மா இருந்தா திட்டுவா" என்றாள்.

அவ்வளவுதான். 'என்னை ஏன் எடுத்துவிட்டாய்' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒற்றைப்படை விதியைச் சொல்லியிருப்பேன். கேட்காததால் பதில் சொல்ல முடியாமல் அது அப்படியே தங்கிவிட்டது. 'எம்பேர்' என்ற சொல்லின் இரண்டாவது பொருள் அன்றைக்குப் புரிந்தது.

மூன்று பேர் படத்தால் என் சகோதரிகளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. மூவரும் பேரன் பேத்தி எடுத்து நன்றாக இருக்கிறார்கள். 1991இல் அத்தை போனாள். கருமாதிக்குப் படம் வைக்க வேண்டும் என்று தேடியபோதுதான் தெரிந்தது, அத்தையின் படம் வீட்டில் ஒன்று கூட இல்லை. வாக்காளர் அடையாள அட்டை எல்லாம் வராத காலம். எத்தனையோ கல்யாணம், காதுகுத்து, சீமந்தம். எல்லா ஆல்பத்திலும் தேடினோம். ஒன்றில் பந்திக்குப் பின்னால் குனிந்த முதுகு மட்டும் இருந்தது.

பிஸ்கட் டப்பாவில் அந்த நெகட்டிவ் இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். பெரியவர் அப்போது இல்லை, வேறு ஒரு பையன் இருந்தான். ஓரத்தில் இருந்த அத்தையை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தான். சதுர நெகட்டிவ் பெரியது என்பதால் முகம் ஓரளவு தெளிவாக வந்தது. "சார், மணிக்கட்டுல யாரோ கை இருக்கு. டச் பண்ணி எடுத்துடட்டுமா?" என்று கேட்டான். "இருக்கட்டும்" என்றேன். இந்த முறை 'எடுத்துடுங்க' என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆக, ஒரே நெகட்டிவிலிருந்து கூடத்தில் இரண்டு படங்கள் தொங்கின. கிழக்குச் சுவரில் மூன்று பேர், தெற்குச் சுவரில் மாலை போட்ட ஒருத்தி. நாலு பேராக அந்தப் படம் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை.

அன்றைக்குக் கல்யாண மண்டபத்திலிருந்து வந்த ராத்திரி, பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். பேத்தி மடிக்கணினியின் வெள்ளைத் திரைமேல் நெகட்டிவை வைத்து, செல்போனில் படம் எடுத்து, கறுப்பை வெள்ளையாக மாற்றிக் காட்டினாள். பல வருஷத்துக்குப் பிறகு நாலு பேரையும் ஒன்றாகப் பார்த்தேன்.

பெரியவர் சொன்ன பாடத்தை வைத்தே பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. நாலு என்றால் கண் இரண்டு இரண்டாகப் பிரிக்கும், சம இடைவெளியில் நின்றால். இங்கே அப்படி இல்லை. மூன்று பேர் ஒரு கொத்து, ஒரு முழம் இடைவெளி, அப்புறம் ஒருத்தி. அந்த இடைவெளியின் குறுக்கே ஒரு குழந்தையின் கை. மூவரும் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அத்தை காமிராவைப் பார்க்கவே இல்லை, அவர்களைப் பார்க்கிறாள். கண் முதலில் மூன்று முகங்களுக்குப் போகிறது, அங்கிருந்து அந்தக் கை வழியாக அத்தையிடம் போகிறது, அவள் பார்வை வழியாகத் திரும்பவும் பெண்களிடம் வருகிறது. நிற்க இடமில்லாமல் கண் அலையவில்லை, சுற்றி வருகிறது. 1975இல் நான் வெட்டி எறிந்தது அந்தப் படத்தின் பாதியைத்தான்.

பிறகு நிறைய யோசித்தேன். 1969 ஆகஸ்ட் 8ஆம் தேதி லண்டனில் ஏணிமேல் ஏறி நின்று ஈயன் மேக்மில்லன் எடுத்த பீட்டில்ஸ் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். நாலு பேர் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சாலையை வரிசையாகக் கடக்கிறார்கள். இரட்டைப்படைதான், ஆனாலும் உலகமே அறிந்த படம். கூர்ந்து பார்த்தால் மூன்று பேர் ஒரே காலை முன்வைத்து நடக்க, ஒருவர் மட்டும் வேறு காலை வைத்து, செருப்பில்லாமல் நடப்பார். அங்கேயும் மூன்றும் ஒன்றும்தான்.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் என்ற பெரிய ஃபிரெஞ்சுப் புகைப்படக்காரர் 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து, ஆசிரமத்தின் 24ஆம் தேதி தரிசனத்தைப் படம் எடுத்தார். அரவிந்தர் அந்த டிசம்பரிலேயே சமாதி அடைந்துவிட்டார். அரவிந்தரும் அன்னையும் அருகருகே அமர்ந்திருக்கும் தரிசனக் காட்சியில் இருப்பது இரண்டே பேர். மூன்றாவதாக ஒருவரை அங்கே கொண்டுவந்து உட்கார வைக்க முடியுமா? தம்பதிகளானாலும், தாயும் பிள்ளையும் ஆனாலும், இரண்டு பேர் படத்தில் நாம் பார்ப்பது அந்த இரண்டு பேரை மட்டும் இல்லை, அவர்களுக்கு நடுவில் இருப்பதையும்தான்.

கடற்கரைக் காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கற்றூண்கள் இருக்கின்றன அல்லவா? நடக்கப் போகும்போது பாருங்கள். கொஞ்சம் நகர்ந்து நின்றால் ஒரு தூண் இன்னொன்றை மறைக்கும், எட்டு ஏழாகும், இன்னும் நகர்ந்தால் ஆறாகும். தலையை எண்ணுவதைவிட எங்கே நிற்கிறோம் என்பதே முக்கியம்.

செல்போனில் பேரப்பிள்ளைகளைப் படம் எடுக்கும் நண்பர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். இரண்டு பேர் என்றால் பக்கத்தில் பக்கத்தில் விறைப்பாக நிறுத்தாதீர்கள். ஒருவரை ஒருவர் பார்க்கட்டும், அல்லது தோள் தொட்டு நிற்கட்டும், கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். நாலு பேர் என்றால் போலீஸ் அணிவகுப்பு வேண்டாம். இரண்டு பேரை உட்கார வையுங்கள், அல்லது மூன்று பேரைச் சேர்த்து, ஒருவரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி அவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தலைகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டாம். ஆறுக்கு மேல் போனால் கவலையே வேண்டாம், கண் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கூட்டம் என்று எடுத்துக்கொள்ளும். எது செய்தாலும், கணக்கு சரிவரவில்லை என்பதற்காக ஒருவரை மட்டும் விலகி நிற்கச் சொல்லாதீர்கள். அவர் சிரித்துக்கொண்டுதான் நகர்வார். என் மனைவியும் சிரித்துக்கொண்டுதான் நகர்ந்தாள்.

போன வாரம் அந்த நாலு பேர் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வாங்கி வந்தேன். மூன்று பேர் படத்தைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இதுல அத்தையும் இருந்தாங்களாடா?"

"இருந்தாங்க."

"அன்னைக்கு அவங்கதானே எனக்குத் தலை பின்னி விட்டாங்க. நான் மறந்தே போயிட்டேன் பாரு" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மறந்ததற்குக் காரணம் நான். ஐம்பது வருஷமாக அவள் பார்த்து வந்த படத்தில் மூன்று பேர்தானே இருந்தார்கள்.